யாரும் தின்னாத மீன் ஏன் குறைந்தது? ஃப்ளோரிடா கீஸ் கடலில் நடப்பது என்ன

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் பக்கத்துக் கடலில் இருந்து சில வருடங்களாக விநோதமான செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. அங்குள்ள போன்ஃபிஷ் என்ற மீனின் ரத்தத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் கலந்திருப்பதாக 2022-இல் சொன்னார்கள். 2023 கோடையில் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடானது. அந்த ஆண்டின் கடைசியில் பல வகை மீன்கள் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தன, அடுத்த சில மாதங்களில் ரம்பம் போன்ற மூக்குள்ள, அருகிவிட்ட இனமான வேளா மீன்கள் செத்து ஒதுங்கின.

இதையெல்லாம் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது நியாயம். கீஸில் போன்ஃபிஷ்ஷை யாரும் சாப்பிடுவதில்லை. தூண்டிலில் பிடிப்பவர்கள் பல பத்தாண்டுகளாகவே தாங்களாக விட்டுவிடுகிறார்கள், இப்போது சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. வலை போட்டு அள்ளும் தொழிலும் இல்லை. அப்படி இருந்தும் 1990-களுக்குப் பிறகு அந்த மீன் ஏன் கண்ணுக்குத் தெரிகிற அளவில் குறைந்தது? தூண்டில்காரர்கள் மேல் பழி போட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. தூண்டில்காரர் கையில் ஒரு பங்கு உண்டு, அதைவிடப் பெரிய பங்கு அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

முதலில், அது எப்படிப்பட்ட கடல்

ஃப்ளோரிடாவின் தென்முனையில் இருந்து கீ வெஸ்ட் வரை வளைந்து போகும் சிறு தீவுகளின் வரிசைதான் கீஸ். ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் ஃப்ளோரிடா விரிகுடா. தீவுகளைச் சுற்றி மைல்கணக்கில் முழங்கால் ஆழம், இடுப்பளவு ஆழம் என்று பரந்து கிடக்கும் தட்டையான கடற்பரப்பைத்தான் ஃப்ளாட்ஸ் என்கிறார்கள். அடியில் வெள்ளை மணல், சுண்ணாம்புச் சேறு, அதன்மேல் கடற்புல். நம் பாக் நீரிணையில் ஆவுளியா மேய்கிற கடற்புல்லுக்கு நெருங்கிய சொந்தம் அது. ஓரங்களில் அலையாத்தி மரங்கள். ஓதம் ஏறும்போது மீன்கள் ஆழத்தில் இருந்து இந்த மேட்டுக்கு வந்து இரை தேடும், வற்றும்போது திரும்பிப் போகும்.

இங்கே தூண்டில்காரர்கள் தேடி வருவது முக்கியமாக மூன்று மீன்களை:

1. போன்ஃபிஷ். வெள்ளி நிறம், கீழ்நோக்கிய வாய். தலையைக் கவிழ்த்து மணலைக் கிளறி இறால், நண்டு, சிப்பி தின்னும், அப்போது வால் மட்டும் நீருக்கு மேலே மினுமினுக்கும். 20 ஆண்டுகளுக்கு மேல்கூட உயிர் வாழும்.

2. பெர்மிட். பாரை குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மீன், நண்டுப் பிரியன், பயங்கர எச்சரிக்கை. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2011-இல் குஞ்சு பொரிக்க வைத்த சில்வர் பொம்பனோ இதே பேரினத்து மீன்தான்.

3. டார்பன். 45 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். காற்றுப் பையால் வெளிக்காற்றைச் சுவாசிக்கவும் தெரிந்த பழைய காலத்து மீன். 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது.

ஒரே நாளில் மூன்றையும் பிடிப்பது இந்த வட்டாரத்தில் பெரிய பெருமை. கீஸ் பகுதிக்கு இந்த மீன்பிடி ஆண்டுக்கு 46.5 கோடி டாலர் பொருளாதாரப் பயன் தருவதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. தட்டில் வைத்தால் அத்தனை மதிப்பு இல்லாத மீன், நீரில் இருக்கும்வரை ஒரு ஊருக்கே சோறு போடுகிறது.

எப்படிப் பிடிக்கிறார்கள்

இங்கே மீனைப் பார்த்துவிட்டுத்தான் தூண்டில் வீசவேண்டும், இதுதான் மற்ற மீன்பிடிப்பில் இருந்து பெரிய வித்தியாசம். எஞ்சினை அணைத்துவிட்டு, படகின் பின்பக்க மேடையில் நின்று வழிகாட்டி நீண்ட கழியால் தள்ளிக்கொண்டு போவார், முன்னால் நிற்பவர் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு நிழலையும் அசைவையும் தேடுவார். முழங்கால் நீரில் எஞ்சின் ஓட்டினால் மீன் ஓடுவது மட்டுமில்லை, விசிறி கடற்புல்லை வேரோடு அறுத்துவிடும். அந்தத் தடம் ஆற ஆண்டுக்கணக்கில் ஆகும்.

பிடிக்கும் முறைகள் இரண்டு: ஃப்ளை, லைட் டேக்கிள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடையோ இரையின் எடையோதான் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை முறையில் இரைக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். முள்ளின்மேல் ரோமம், இறகு, நூல் கட்டி இறால் மாதிரியோ நண்டு மாதிரியோ செய்த பொய் இரை அது. ஆகவே எடை நரம்பிலேயே இருக்கும். தடித்த, பூச்சு பூசிய நரம்பை முன்னும் பின்னும் வீசி, அது காற்றில் விரியும் வேகத்தில்தான் இரை போய் விழும். கோலும் நரம்பும் எண்ணால் வகைப்படுத்தப்பட்டிருக்கும்: போன்ஃபிஷ்ஷுக்கு 8, பெர்மிட்டுக்கு 9 அல்லது 10, டார்பனுக்கு 11 அல்லது 12. பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் 1970-களில் உருவான கிரேஸி சார்லி என்ற பொய் இரை இன்றும் எல்லோர் பெட்டியிலும் உண்டு.

லைட் டேக்கிள் என்பது சுழல் உருளை வைத்த மெல்லிய கோல், மெல்லிய தங்கூஸ். இதில் உயிர் இறாலையும் மாட்டலாம். ஃப்ளையைவிட எளிது, காற்று அடிக்கும் நாளில் கைகொடுப்பது.

விட்ட மீன் பிழைக்கிறதா

இதுதான் கட்டுரையின் முதல் முடிச்சு. விட்டுவிட்டோம், நீந்திப் போய்விட்டது, அப்படியென்றால் பிழைத்துவிட்டது என்று நினைப்பது தவறு. பஹாமாஸில் போன்ஃபிஷ்ஷை வைத்து இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். சுறா குறைவாக இருந்த இடத்தில் விட்ட மீன்கள் எல்லாம் பிழைத்தன. சுறா நிறைய இருந்த இடத்தில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு போய்விட்டது, அதுவும் விட்ட கொஞ்ச நேரத்திலேயே. இன்னொரு ஆய்வில், விடும்போது நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்ந்துவிட்ட மீன், நிமிர்ந்து நீந்திய மீனைவிட ஆறு மடங்கு அதிகமாகச் சுறாவுக்கோ சீலாவுக்கோ இரையானது. முள் குத்தியதால் மீன் சாவது குறைவு, களைத்துப்போய் மாட்டிக்கொள்வதுதான் அதிகம்.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

1. போராடும் நேரம். முழு வேகத்தில் ஓடும் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேரும், ரத்தத்தின் சமநிலை கெடும். நேரம் கூடக்கூட இது ஏறிக்கொண்டே போகும்.

2. நீருக்கு வெளியே இருக்கும் நேரம். செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனை ஒரு போட்டோவுக்காகத் தூக்கிப் பிடிப்பது அதை இரண்டாம் முறை அடிப்பதற்குச் சமம்.

3. நீரின் சூடு. சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, ஆனால் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அதிகம். ஜனவரியில் தாங்கும் போராட்டத்தை ஆகஸ்ட்டில் தாங்காது.

4. கையாளும் விதம். உலர்ந்த கை, துணி, படகின் தரை எல்லாமே மேலே இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் நோய்க்கிருமிக்கு எதிரான அதன் முதல் அரண். வாயைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு இடுக்கி போன்ஃபிஷ்ஷின் தாடையைக் கிழிப்பது ஆய்விலேயே தெரிந்தது.

ஆக, செய்யவேண்டியது என்ன என்பதில் குழப்பம் இல்லை. பின்னோக்கித் திரும்பிய சிறு கூர் இல்லாத முள், நனைத்த கை, மீனை நீரிலேயே வைத்துக் கழற்றுவது, தூக்கத்தான் வேண்டும் என்றால் பத்து விநாடிக்குள். சுறா சுற்றுவது தெரிந்தால் அந்த இடத்தை விட்டுப் போவது. டார்பனுக்கும் இதுவே. ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் விட்ட டார்பன்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் சுமார் 13 சதவீதம் செத்தன, அதிலும் பெரும்பங்கு சுறாவால்.

மெல்லிய நரம்பு யாருக்கு நல்லது

லைட் டேக்கிள் என்ற பெயரைக் கேட்டால் மீனுக்கு மென்மையானது என்று தோன்றும். நேர் எதிர். நரம்பு மெலிய மெலிய இழுக்கும் பலம் குறையும், போராட்டம் நீளும், மேலே சொன்ன நான்கில் முதல் விஷயம் மோசமாகும். இதில் சாதனைப் பட்டியலுக்கும் பங்கு உண்டு. 1939-இல் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் ஃப்ளை சாதனைகளை நரம்பின் நுனித்துண்டு எவ்வளவு எடை தாங்கும் என்பதை வைத்துப் பிரிக்கிறது, 1 கிலோவில் தொடங்கி 10 கிலோ வரை. மிக மெல்லிய பிரிவில் பெரிய மீனைப் பிடிப்பதுதான் திறமை என்ற எண்ணம் அதில் இருந்து வளர்ந்தது. திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டார்பனை மணிக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு அதை விட்டுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விடுவதற்காகத்தான் பிடிக்கிறோம் என்றால், சீக்கிரம் கொண்டுவரக்கூடிய தடித்த நரம்புதான் அந்த நோக்கத்துக்கு நேர்மையானது. கோடைகாலத்தில் இது இன்னும் பொருந்தும். அதே சங்கம் 2011-இல் இருந்து, அளந்துவிட்டு உயிரோடு விடும் மீன்களுக்கெனத் தனிச் சாதனைப் பிரிவும் வைத்திருக்கிறது, நல்ல மாற்றம்.

சரி, இவ்வளவையும் எல்லோரும் ஒழுங்காகச் செய்தால் மீன் பெருகிவிடுமா? இங்கேதான் கதை தூண்டிலைத் தாண்டிப் போகிறது.

மேட்டில் வாழ்வது, ஆழத்தில் முட்டை போடுவது

போன்ஃபிஷ் வாழ்வது முழங்கால் நீரில். முட்டை போடுவது அங்கே அல்ல. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி, ஆயிரக்கணக்கில் ஆழ்கடலை ஒட்டிய சில குறிப்பிட்ட இடங்களில் கூடும். மேலே வந்து காற்றை விழுங்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாகக் கடலுக்குள் போகும். பஹாமாஸின் அபாகோ பக்கம் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது கூட்டம் ஏறக்குறைய 138 மீட்டர் ஆழம் வரை இறங்கி, அங்கே நெடுநேரம் இருந்துவிட்டு, பிறகு சட்டென்று மேலேறி 67 மீட்டர் ஆழத்தில் முட்டை விட்டது தெரிந்தது. இவ்வளவு ஆழம் குறைந்த நீரில் வாழும் மீன் அவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பொரிக்கும் குஞ்சு பார்க்க மீன் மாதிரியே இருக்காது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மெல்லிய நாடா. அது 41 முதல் 71 நாட்கள் வரை கடல் நீரோட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும், அப்புறம்தான் ஏதோ ஒரு கரையை அடைந்து மீனாக மாறும். இரண்டு மாதத்தில் நீரோட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று யோசித்துப் பாருங்கள். கீஸுக்கு வரும் குஞ்சுகளில் ஒரு பங்கு கியூபா, மெக்சிகோ, பெலீஸ் பக்கம் இருந்து வரக்கூடும் என்று மரபணு ஆய்வுகளும் நீரோட்டக் கணக்குகளும் காட்டுகின்றன. கியூபாவில் இந்த மீன் உணவு, வலை போட்டுப் பிடிக்கிறார்கள். முட்டை போடக் கூடும் நேரத்தில் ஒரு வலை விழுந்தால், இங்கே ஃப்ளோரிடாவில் எத்தனை பேர் எத்தனை மென்மையாக விட்டாலும் சில ஆண்டுகள் கழித்து வரவேண்டிய மீன் வராது. முட்டை போடும் கூட்டம் ஓரிடத்தில் கூடும் என்பதால் அதை ஒரேயடியாக அள்ளுவதும் சுலபம், காப்பாற்றுவதும் சுலபம்.

இதோடு ஒரு விபத்தும் சேர்ந்தது. 2010 ஜனவரியில் தென்ஃப்ளோரிடாவில் பல நாட்கள் கடும் குளிர் நீடித்தது. ஆழமில்லாத நீர் என்பதால் சீக்கிரம் குளிர்ந்துவிட்டது, பவளம், மீன் என்று கண்டதெல்லாம் செத்தன, போன்ஃபிஷ்ஷும் ஏராளம். ஏற்கெனவே குறைந்திருந்த மீனுக்கு அது பெரிய அடி.

நன்னீர் வராத விரிகுடா

ஃப்ளோரிடா விரிகுடாவுக்கு வடக்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம். ஒரு காலத்தில் ஒக்கிச்சோபி ஏரியில் இருந்து நீர் அகலமாக, மெதுவாக, புல்வெளி ஊடே வழிந்து விரிகுடாவில் கலந்தது. இருபதாம் நூற்றாண்டில் கரை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், 1928-இல் டாமியாமி சாலை குறுக்கே வந்தது. நீர் கிழக்கேயும் மேற்கேயும் திருப்பிவிடப்பட்டது. தெற்கே விரிகுடாவுக்குப் போவது சுருங்கியது.

அதன் விளைவைப் படிப்படியாகப் பார்க்கலாம்:

1. நன்னீர் வரத்துக் குறைந்த விரிகுடாவில் மழை பொய்க்கும் ஆண்டில் வெயில் நீரை ஆவியாக்கி உப்பைக் கூட்டும். சில மூலைகளில் கடல்நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு வரை போயிருக்கிறது.

2. உப்பும் சூடும் கூடிய நீரில் ஆக்சிஜன் குறைவு. இரவில் கடற்புல்லும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், விடியும் நேரத்தில் மிச்சம் இருக்காது.

3. அப்போது சேற்றில் உருவாகும் சல்ஃபைடு என்ற நச்சு வேருக்குள் ஏறும். புல் சாகும்.

4. செத்த புல் அழுகி உரமாகும், அதைத் தின்று பாசி பெருகும், நீர் கலங்கும், வெளிச்சம் கிடைக்காமல் மிச்சப் புல்லும் சாகும்.

1987-இல் ஒருமுறை இப்படி நடந்தது, 2015-இல் மறுபடியும். புல் போனால் இறாலும் நண்டும் போகும், அவற்றைத் தின்னும் மீன் எங்கே நிற்கும்? போன்ஃபிஷ் குறைந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய காரணங்களை எழுதினால் இது மேல்வரிசையில் வரும். எவர்கிளேட்ஸை மீட்கும் பெரிய திட்டத்துக்கு 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. டாமியாமி சாலையின் ஒரு பகுதியைப் பாலமாக உயர்த்தி அடியில் நீர் விடுகிறார்கள், ஒரு மைல் பாலம் 2013-இல், அதைவிட நீளமான இன்னொன்று 2019-இல். வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக. மீன்பிடி வழிகாட்டிகள் தூண்டில் விதிகளைவிட இந்த நீர்ப் பங்கீட்டுக்காக அதிகம் குரல் கொடுப்பது ஏன் என்று இப்போது புரியும்.

மாத்திரையும் சுற்றும் மீன்களும்

2022 செய்திக்கு வருவோம். ஃப்ளோரிடா இண்டர்நேஷனல் பல்கலைக்கழகக் குழு 93 போன்ஃபிஷ்களைச் சோதித்தது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் மருந்து இருந்தது, சராசரியாக ஒரு மீனுக்கு ஏழு, ஒரு மீனில் மட்டும் பதினேழு. நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலில் தங்குவதில்லை. கழிப்பறை வழியாக, செப்டிக் தொட்டி வழியாக, சுத்திகரிப்பு நிலையம் வழியாகக் கடலுக்குப் போகிறது. வழக்கமான சுத்திகரிப்பு அழுக்கையும் கிருமியையும் எடுக்கும், மருந்து மூலக்கூறை எடுக்கப் பெரும்பாலும் அது வடிவமைக்கப்படவில்லை. ஓசோன் போன்ற கூடுதல் கட்டம் சேர்த்தால் பெருமளவு அகற்றலாம். மீனுக்கு இதனால் என்ன? மனநல மருந்து கலந்த நீரில் வேறு மீன்கள் பயம் குறைந்து துணிச்சலாக அலைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. போன்ஃபிஷ் மாதிரி, நிழல் பட்டாலே ஓடிப் பிழைக்கும் மீனுக்குப் பயம் குறைவது நல்லதில்லை.

சுற்றும் மீன்கள் வேறு விஷயம், இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2023 ஜூலையில் மனாட்டி பே என்ற இடத்தில் நீரின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு இறுதியில் கீ வெஸ்ட்டை ஒட்டிய கீழ்க் கீஸில் மீன்கள் சுற்றத் தொடங்கின. 80-க்கும் மேற்பட்ட இனங்களில் இது காணப்பட்டது, 50-க்கும் மேற்பட்ட வேளா மீன்கள் இறந்தன. நீரில் ஆக்சிஜன் இருந்தது, மீன்களைக் கொல்லும் வழக்கமான செம்பாசிப் பெருக்கமும் (ரெட் டைட்) இல்லை. சந்தேகம் விழுந்தது காம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்பாசி மேல். அது நீரில் மிதக்காமல் கடற்புல்லிலும் அடித்தரையிலும் ஒட்டி வளரும், நரம்பைத் தாக்கும் நச்சுகளை உண்டாக்கும். வேளா அடித்தரையோடு ஒட்டி வாழ்கிற மீன் என்பதால் அதற்குப் பாதிப்பு அதிகம் என்பது விளக்கம். முந்தைய கோடையின் சூடு இதைத் தூண்டியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2024 ஏப்ரலில் துவண்டு கிடந்த ஒரு வேளாவை மீட்டுத் தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள், அது தேறவில்லை.

சட்டம் எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை

ஃப்ளோரிடாவில் 2013-இல் இருந்து போன்ஃபிஷ்ஷையும் டார்பனையும் பிடித்தால் விட்டுவிடவேண்டும். சாதனைக்காக டார்பனை வைத்துக்கொள்ள மட்டும் கட்டணம் கட்டி அனுமதி வில்லை வாங்கலாம், மற்றபடி 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனை நீருக்கு வெளியே தூக்கவே கூடாது. பெலீஸ் 2009-லேயே மூன்று மீன்களுக்கும் இந்த விதியைக் கொண்டுவந்துவிட்டது. இவையெல்லாம் மீன் தூண்டில்காரர் கையில் இருக்கும் சில நிமிடங்களுக்கான சட்டங்கள். தேவைதான்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது முட்டை போடும் இடத்தைத் தொட்ட இரண்டு முடிவுகள். கீ வெஸ்ட்டுக்குத் தென்மேற்கே வெஸ்டர்ன் ட்ரை ராக்ஸ் என்ற இடத்தில் பெர்மிட் கூடி முட்டை போடும். அங்கே தூண்டிலில் மாட்டிய பெர்மிட்டில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் படகுக்கு வருமுன்பே சுறா தின்றுவிடுவதாக ஆய்வு சொன்னது, அதாவது விடும் எண்ணம் இருந்தும் விட மீன் இல்லை. 2021-இல் இருந்து ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே மீன்பிடிப்பே கிடையாது. பஹாமாஸ் 2015-இல் அபாகோவின் க்ராஸ் ஹார்பரை, போன்ஃபிஷ் கூடும் இடம் என்பதால், தேசியப் பூங்காவாக்கியது.

கீஸில் 2010-களின் பிற்பகுதியில் இருந்து சின்ன போன்ஃபிஷ்கள் மறுபடியும் கூட்டமாகத் தென்படுகின்றன, வழிகாட்டிகளும் ஆய்வாளர்களும் இதைச் சொல்கிறார்கள். அவை எங்கே பொரித்தவை, இங்கேயா கியூபாவிலா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பூட்டு எந்த இடத்துக்குப் போடவேண்டும் என்பது முடிவாகும். கியூபாவும் மெக்சிகோவும் பெலீஸும் அமெரிக்காவும் சேர்ந்து அந்த முடிவை எடுக்க இன்றுவரை ஒரு பொதுவான விதி இல்லை.